எச்சரிக்கைக்கும் திருப்பத்துக்கும் நடுவே: 2018 பிப்ரவரியில் விழுந்த எஃப்-16ஐ பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

2018 பிப்ரவரி 10, சனிக்கிழமை விடியற்காலை. சிரியாவுக்குள் ஒரு தாக்குதலுக்கு அனுப்பப்பட்ட இஸ்ரேலிய விமானப்படையின் எஃப்-16ஐ ரகப் போர் விமானம் ஒன்று, சிரியாவின் எஸ்-200 என்ற வான் பாதுகாப்பு ஏவுகணையால் அடிபட்டு இஸ்ரேலின் வடக்கே ஜெஸ்ரீல் பள்ளத்தாக்குப் பகுதியில் விழுந்து நொறுங்கியது. 1982 லெபனான் போருக்குப் பிறகு எதிரி சுட்டு அந்த நாடு இழந்த முதல் போர் விமானம் இதுதான். உள்ளே இருந்த இருவரும் பாராசூட்டில் உயிர் தப்பினார்கள். அவர்கள் பெயரை ராணுவம் வெளியிடவில்லை. இங்கும் அவர்கள் விமானி, நேவிகேட்டர் என்றே குறிப்பிடப்படுகிறார்கள்.

ஒரு நவீன போர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டால் முதலில் எழும் கேள்வி, "எச்சரிக்கைக் கருவி வேலை செய்யவில்லையா?" என்பதுதான். அன்றும் அதே கேள்விதான் எழுந்தது. ஆனால் பதினைந்து நாள் கழித்து வெளியான விமானப்படை விசாரணையின் சுருக்கம் கருவியைக் குறை சொல்லவில்லை. எச்சரிக்கை கிடைத்த பிறகு காக்பிட்டில் என்ன முடிவு எடுக்கப்பட்டது என்பதன் மேல்தான் அது விரல் வைத்தது. இந்த நிகழ்வைத் தனியாக எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் அதுவே.

அந்த வானத்தின் பழைய கதையும் கொஞ்சம் தெரிய வேண்டும். 2017 ஆகஸ்டில் பதவிக்காலம் முடிந்து விடைபெற்றுக்கொண்டிருந்த இஸ்ரேலிய விமானப்படைத் தளபதி, ஐந்து ஆண்டுகளில் ஆயுத வண்டி வரிசைகள் மீது கிட்டத்தட்ட நூறு தாக்குதல் நடத்தியதாகப் பேட்டியில் சொன்னார். அத்தனை முறை போய் வந்தும் ஒரு போர் விமானம்கூட விழவில்லை. சிரியர்கள் சும்மா இருந்ததாகவும் சொல்ல முடியாது. 2017 மார்ச்சில் அவர்கள் ஏவிய எஸ்-200 ஏவுகணை ஒன்று இஸ்ரேலை நோக்கியே வந்துவிட, அதை ஆரோ என்ற இடைமறிப்பு ஏவுகணையால் வானிலேயே அடிக்க வேண்டியிருந்தது. அதாவது எச்சரிக்கை ஒலிப்பதும், ஏவுகணை கிளம்புவதும், பத்திரமாகத் திரும்பி வருவதும் அந்த விமானிகளுக்குப் பழகிப்போயிருந்தன. விசாரணை இந்தப் பழக்கத்தைக் காரணமாகச் சொல்லவில்லை. ஆனால் இதை ஒதுக்கிவிட்டு மற்றதைப் புரிந்துகொள்ள முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

விமானத்தில் இருந்தவை

எஃப்-16ஐ, அமெரிக்காவின் எஃப்-16 விமானத்தை இஸ்ரேலின் தேவைக்கேற்ப மாற்றிய இரட்டை இருக்கை ரகம். 2004 முதல் படையில் இருக்கிறது. மொத்தம் 102 வாங்கினார்கள். முதுகில் ஒட்டிய கூடுதல் எரிபொருள் தொட்டிகளோடு நீண்ட தூரம் போய் வருவதற்கென்றே செய்யப்பட்டது. தற்காப்பு மின்னணுக் கருவிகள் உள்நாட்டு நிறுவனமான எலிஸ்ராவுடையவை. பின் இருக்கையில் நேவிகேட்டர் இருப்பது முக்கியமான விஷயம். திரையைப் பார்க்கவும் அபாயத்தைக் கவனிக்கவும் இன்னொரு ஜோடிக் கண்கள் அங்கே உண்டு.

இன்றைய போர் விமானங்களில் எச்சரிக்கை இரண்டு வழிகளில் வருகிறது. பழைய வழி, ரேடார் எச்சரிக்கைக் கருவி. விமானத்தின் மேல் வந்து விழும் ரேடார் அலைகளைக் கேட்டு, அது எந்த வகை ரேடார், எந்தத் திசையில் இருக்கிறது, சும்மா தேடுகிறதா அல்லது குறிவைத்துவிட்டதா என்று சொல்லும். ஒவ்வொரு நிலைக்கும் காதில் ஒரு ஒலி, திரையில் ஒரு குறி. இந்தக் கருவிக்கு ரேடார்தான் தெரியும், ஏவுகணை தெரியாது. வெப்பத்தைத் தேடிவரும் ஏவுகணை ரேடாரே இல்லாமல் வந்தால் இது வாயே திறக்காது.

அந்தக் குறையை நிரப்ப வந்தது இரண்டாவது வழி: ஏவுகணையின் நெருப்பையோ உடலையோ நேரடியாகப் பார்ப்பது. இதிலும் மூன்று விதம். புற ஊதா உணரிகள் ராக்கெட் நெருப்பிலிருந்து வரும் புற ஊதாக் கதிரைப் பிடிக்கும். சூரியனின் அந்த அலைவரிசையை ஓசோன் படலம் தடுத்துவிடுவதால் பகலிலும் குழப்பம் குறைவு. ஆனால் எட்டும் தூரம் சில கிலோமீட்டர்தான். தாழப் பறக்கும் ஹெலிகாப்டருக்கும் சரக்கு விமானத்துக்கும் அது போதும். அகச்சிவப்பு உணரிகள் இன்னும் தூரம் பார்க்கும், எஞ்சின் அணைந்த பிறகும் ஏவுகணையின் சூடான உடலைத் தொடர முடியும். எனவே போர் விமானங்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் வந்துவிட்டன: எஃப்-35ஐச் சுற்றி ஆறு அகச்சிவப்புக் கேமராக்கள், ரஃபேலின் ஸ்பெக்ட்ரா என்ற தற்காப்புத் தொகுதியில் இரண்டு அகன்ற பார்வை உணரிகள். மூன்றாவது, யூரோஃபைட்டரில் இருப்பதுபோல், அசைவின் வேகத்தை அளக்கும் சிறு டாப்ளர் ரேடார். ஏவுகணை எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறது என்று இது கணக்காகச் சொல்லும். பதிலுக்கு அதுவே அலை வீசுவதால் தன் இருப்பைக் காட்டிக்கொடுக்கும் வாய்ப்பும் உண்டு.

எஃப்-16ஐயில் ரேடார் எச்சரிக்கையோடு அகச்சிவப்பு ஏவுகணை எச்சரிக்கையும் உண்டு. கருவிக்குப் பஞ்சமில்லாத விமானம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

எதிரில் இருந்தது

எஸ்-200 சோவியத் காலத்து ஆயுதம். 1960களின் பிற்பகுதியில் படையில் சேர்ந்தது. சிரியாவுக்கு 1982 போரில் அடிபட்ட பிறகு 1983 வாக்கில் வந்து சேர்ந்தது. உயரத்தில் பறக்கும் குண்டுவீச்சு விமானங்களை வெகு தூரத்திலேயே அடிப்பதற்காகப் பிறந்தது. ஏவுகணை ஒன்றின் எடை சுமார் 7 டன், நீளம் 10 மீட்டருக்கும் மேல். ஒலியைப்போல் நான்கு மடங்குக்கும் அதிக வேகம், ரகத்தைப் பொறுத்து 200 கிலோமீட்டரைத் தாண்டும் வீச்சு. 200 கிலோவுக்கு மேற்பட்ட வெடித்தலை ஆயிரக்கணக்கான உலோகத் துண்டுகளைச் சிதறடிக்கும். நேராக மோத வேண்டியதே இல்லை, பக்கத்தில் வெடித்தாலே போதும்.

வழிகாட்டும் முறைதான் இங்கே கவனிக்க வேண்டியது. தரையிலுள்ள ரேடார் இலக்கின் மேல் விடாமல் கற்றை பாய்ச்சும். ஏவுகணையின் மூக்கு, இலக்கில் பட்டுத் திரும்பும் அந்த அலையைப் பிடித்துக்கொண்டு போகும். இருட்டில் ஒருவன் டார்ச் அடிக்க, இன்னொருவன் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கல்லெறிவதைப் போன்றது இது. டார்ச் வெளிச்சம் மேலே படுவது விமானத்துக்குத் தெரியும். கல் கையை விட்டுக் கிளம்பியதா என்பது அந்த வெளிச்சத்தை மட்டும் வைத்துத் தெரியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு டிகிரி அகலமுள்ள கற்றை 150 கிலோமீட்டர் தாண்டி வரும்போது சுமார் 2.6 கிலோமீட்டர் பரந்திருக்கும். அதற்குள் இரண்டு மூன்று விமானங்கள் பறந்தால் எல்லாக் காக்பிட்டிலும் ஒரே நேரத்தில் ஒலி கேட்கும். "இது எனக்கா, பக்கத்தில் போகிறவனுக்கா?" என்ற கேள்விக்கு ரேடார் எச்சரிக்கை தனியாகப் பதில் சொல்லாது.

அன்று காலை

விடிவதற்கு முன், சுமார் 4.30 மணிக்கு, சிரியாவின் ஹோம்ஸ் மாகாணத்திலுள்ள டி-4 விமானத் தளத்திலிருந்து கிளம்பிய ஈரானிய ட்ரோன் ஒன்று இஸ்ரேலிய வான்பரப்புக்குள் நுழைந்தது. பெய்ட் ஷியான் அருகே அப்பாச்சி ஹெலிகாப்டர் ஒன்று அதைச் சுட்டு வீழ்த்தியது. அதில் வெடிபொருள் இருந்ததாக இஸ்ரேல் ஏப்ரலில்தான் அறிவித்தது. அன்று காலை முடிவெடுத்தவர்கள் பார்த்தது, ஈரான் தன் கையாலேயே அனுப்பிய முதல் ட்ரோன் என்ற செய்தியைத்தான்.

ட்ரோனை இயக்கிய கட்டுப்பாட்டு வண்டி டி-4இல் நின்றிருந்தது. அதை உடனே அடிப்பது என்று முடிவானது. உடனே என்றதற்கு அரசியல் காரணமும் இருந்தது, நடைமுறைக் காரணமும் இருந்தது: வண்டி இடம் மாறிவிடும். எஃப்-16ஐ அணி ஒன்று கிளம்பியது. இலக்கு தாக்கப்பட்டது.

சிரியர்கள் ஒன்றிரண்டோடு நிறுத்தாமல் சரமாரியாக ஏவினார்கள். எஸ்-200ஓடு, இடைத் தூரத்துக்கான புதிய எஸ்ஏ-17 ஏவுகணைகளும் பறந்தன. சிதறிய பாகங்கள் ஜோர்டானிலும் லெபனானிலும்கூடப் போய் விழுந்தன. வட இஸ்ரேலில் சைரன் ஒலித்தது, பென் குரியன் விமான நிலையத்தில் போக்குவரத்து சற்று நேரம் நின்றது.

குறிப்பிட்ட விமானம் அப்போது ஓரளவு உயரத்தில் இருந்தது. இலக்கு சரியாக அடிபடுகிறதா என்று உறுதிசெய்ய உயரம் தேவைப்பட்டதாக இஸ்ரேலியப் பத்திரிகைகளில் அப்போது செய்தி வந்தது. எஸ்-200க்குப் பிடித்தமான இடமும் அந்த உயரம்தான். தாழப் பறந்தால் பூமியின் வளைவும் மலைகளும் தரை ரேடாரை மறைத்துவிடும். உயரத்தில் அந்தத் தயவு கிடையாது.

ஒரு ஏவுகணை அருகில் வெடித்தது. அதன் துண்டுகள் விமானத்தைத் துளைத்தன. கட்டுப்பாடு போவது தெரிந்ததும் இருவரும் இஸ்ரேலிய மண்ணுக்கு மேல் வந்து இருக்கையோடு வெளியேறினார்கள். நேவிகேட்டருக்கு லேசான காயம், விமானிக்குப் பலத்த காயம். அணியின் மற்ற விமானங்கள் எல்லாம் திரும்பிவிட்டன.

கிடைத்த நேரம்

நிகழ்வின் கனமான பகுதி இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று பார்க்கலாம்.

தோளில் வைத்து ஏவும் ஏவுகணை ஒன்று கீழிருந்து கிளம்பினால் விமானிக்குச் சில நொடிகள்தான் உண்டு. யோசிக்க இடமில்லாததால் அங்கே கருவியே, ஏவுகணையை ஏமாற்றும் தீச்சுடர்களை வீசிவிடும்படி அமைத்திருப்பார்கள். எஸ்-200 விஷயம் நேர் எதிர். சராசரியாக நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 150 கிலோமீட்டர் தாண்டி வர அதற்கு இரண்டரை நிமிடம் ஆகும். இது ஒரு மாதிரிக் கணக்குதான், அன்றைய தூரம் அல்ல. ஆனால் பருமட்டாக நிலைமை புரியும். காக்பிட்டில் இரண்டரை நிமிடம் என்பது மிக நீண்ட நேரம். அதில் பாதியை வேலையை முடிப்பதற்குக் கொடுத்துவிட்டு மீதியில் தப்பிக்கலாம் என்று நினைக்க முடிகிற அளவுக்கு நீளம்.

அங்கேதான் வினை. எஸ்-200இலிருந்து தப்புவதற்கான வழிகள் எல்லாம் முன்கூட்டியே தொடங்க வேண்டியவை. தரை ரேடாருக்குக் குறுக்காகத் திரும்பிப் பறந்தால், அதை நோக்கி நெருங்குவதோ விலகுவதோ இல்லாததால் டாப்ளர் ரேடாரின் பார்வையில் விமானம் தரையோடு தரையாகக் கலந்துவிடும். கூடவே கீழே பாய்ந்தால் ரேடாரின் அடிவானத்துக்குக் கீழே மறையலாம். அடர்ந்த காற்றுக்குள் இறங்கும் ஏவுகணையும் வேகம் இழக்கும். எதிரி ரேடாரைக் குழப்பும் ஜாமர் கருவி அந்தக் குழப்பத்தைக் கூட்டும். ரேடாரை ஏமாற்ற உலோக இழைகளைத் தூவுவது இந்த வகை ரேடாருக்கு எதிராக அவ்வளவாக எடுபடாது, ஏனென்றால் வீசிய கணமே அந்த இழைகள் காற்றில் நின்றுவிடும்; ஓடும் விமானத்தையும் நிற்கும் இழையையும் டாப்ளர் பிரித்துவிடும். ஆக, முழுத் திருப்பமும் இறக்கமும்தான் மருந்து. 10 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தாழ்வுக்கு இறங்க நேரம் வேண்டும். எரிபொருள் தொட்டிகளோடு கனமாக இருக்கும் விமானம், காட்சிப் பறத்தலில் பார்ப்பதுபோல் சட்டென்று ஒடித்துத் திரும்பாது.

திருப்பத்துக்கு ஒரு விலையும் உண்டு. ரேடாருக்குக் குறுக்காகத் திரும்பிய விமானம் இலக்கைப் பார்க்க முடியாது, ஆயுதத்தைத் தொடர்ந்து கவனிக்க முடியாது. தாக்குதலும் தற்காப்பும் ஒரே விமானத்தை எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன. அதிலும் அன்றைய வேலை சாதாரணமானதல்ல. முதன்முறையாக ஈரானியர்களே இயக்கிய ஒரு வண்டி. அதை விட்டுவிட்டுத் திரும்ப எந்த விமானிக்கு மனம் வரும்?

விசாரணை கண்டது

பிப்ரவரி 25 அன்று விமானப்படை தன் முடிவுகளின் சுருக்கத்தை வெளியிட்டது. விமானக் குழு பணியை முடிப்பதற்கு முன்னுரிமை கொடுத்தது, தங்களைக் காத்துக்கொள்ளப் போதுமான நடவடிக்கை எடுக்கவில்லை, எதிரி சுடும் நேரத்தில் கடைப்பிடிக்க வேண்டிய வழக்கமான நடைமுறையிலிருந்து அது விலகல் என்பது அதன் சாரம். இதைத் தொழில்முறைத் தவறு என்று சொன்னார்கள். அடிபட்ட பிறகு விமானத்தைக் கைவிட்டு வெளியேறிய முடிவு சரியானது என்றும் சேர்த்துச் சொன்னார்கள். தாக்குதலுக்கு அனுப்பிய முடிவு கேள்விக்கு உள்ளாகவில்லை.

குழுவின் மேல் பழி போட்டு மேலிடம் தப்பித்துக்கொண்டது என்று படிக்கவும் இதில் இடமிருக்கிறது. என் பார்வை கொஞ்சம் வேறு. அதே எச்சரிக்கைச் சூழலில் பறந்த மற்ற விமானங்கள் திரும்பி வந்துவிட்டன என்பது, கருவியாலும் பயிற்சியாலும் தப்பிக்க முடியும் என்பதற்குச் சாட்சி. அதோடு, அணியில் ஒரே ஒரு குழு தவறினாலும் ஒரு விமானம் போய்விடும் அளவுக்குத் திட்டத்தில் இடைவெளி குறைவாக இருந்தது என்பதற்கும் அதுவே சாட்சி. இரண்டாவதைப் பற்றிச் சுருக்கம் அதிகம் பேசவில்லை.

அதன் பின் நடந்தது

விமானம் விழுந்த சில மணி நேரத்துக்குள் இரண்டாம் அலைத் தாக்குதல் போனது. இந்த முறை இலக்குப் பட்டியலே வேறு: மொத்தம் 12 இடங்கள், அதில் மூன்று வான் பாதுகாப்பு பேட்டரிகள் (ஏவுகணை ஏவும் அணிகள்), நான்கு ஈரானிய இலக்குகள். 1982க்குப் பிறகு சிரிய வான் பாதுகாப்பின் மேல் நடத்திய மிகப் பெரிய தாக்குதல் என்று விமானப்படை சொன்னது. காலையில் ஏவுகணைகளைத் தாண்டிப் போய் ஒரு வண்டியை அடித்தார்கள். மதியத்துக்குள் ஏவுகணைகளையே அடித்தார்கள்.

நேவிகேட்டர் மறுநாளே ஹைஃபா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார். விமானிக்கு ஒரு வாரத்துக்கும் மேல் ஆனது.

மே 10 அன்று ஈரானியப் படை கோலான் பகுதியை நோக்கி ராக்கெட்டுகள் ஏவியபோது, இஸ்ரேல் சிரியா முழுவதும் பல இலக்குகளை ஒரே இரவில் அடித்தது. சுட்ட வான் பாதுகாப்பு பேட்டரிகளையும் சேர்த்தே அடித்தது. அதே மாதம் எஃப்-35 விமானங்களைச் சண்டையில் பயன்படுத்திவிட்டதாக இஸ்ரேலிய விமானப்படைத் தளபதி அறிவித்தார். எஸ்-200இன் கதை அதோடு முடியவில்லை. செப்டம்பர் 17 அன்று லதாக்கியா அருகே இஸ்ரேலிய விமானங்களைக் குறிவைத்துச் சிரியர்கள் ஏவிய எஸ்-200, ரஷ்யாவின் இல்-20 உளவு விமானத்தை அடித்தது; 15 பேர் இறந்தார்கள். யாரைத் துரத்துகிறோம் என்பதில் ஏவும் பக்கத்துக்கும் தெளிவு இல்லை என்பது அதில் தெரிந்தது.

மாற வேண்டியவை

எச்சரிக்கைக் கருவியை இன்னும் கூர்மையாக்குவது தேவைதான். ரேடார் எச்சரிக்கையையும் அகச்சிவப்பு உணரியையும் தனித்தனி ஒலிகளாக விடாமல், "குறிவைப்பு இருக்கிறது, ஏவுகணையும் தெரிகிறது, உன்னை நோக்கித்தான் வருகிறது" என்று ஒரே படமாகக் காட்டுவது புதிய விமானங்களில் நடந்துவருகிறது. "எனக்கா, பக்கத்தில் இருப்பவனுக்கா" என்ற குழப்பத்தை அது நிறையக் குறைக்கும். ஆனால் இந்த நிகழ்வில் அது மட்டும் போதியிருக்குமா என்பது சந்தேகம். குழுவிடம் தகவல் இருந்தது. இல்லாதது, தகவலோடு கட்டிய ஒரு கெடு.

கெடு என்பது எளிய விஷயம்தான். எந்த ஏவுகணை, எந்தத் தூரம், எந்த உயரம் என்று பார்த்து, இந்தக் குறி திரையில் வந்து இத்தனை நொடிக்குள் தாக்குதலை விட்டுவிட வேண்டும் என்று கிளம்பும் முன்பே எழுதிவைப்பது. அதைச் சொல்லும் அதிகாரத்தைப் பின் இருக்கைக்குக் கொடுப்பது. விமானியின் கண் இலக்கில் இருக்கும்போது நேவிகேட்டர் "விடு" என்றால் விவாதம் கிடையாது என்று வைத்துக்கொண்டால், இரண்டு இருக்கை இருப்பதற்கும் அர்த்தம் வரும். அப்புறம், ஆயுதம். விட்ட பிறகு தானே வழி தேடிப் போகும் ஆயுதமாக இருந்து, அடிபட்டதா என்று பார்க்கும் வேலையை ஆளில்லா விமானத்துக்கோ செயற்கைக்கோளுக்கோ கொடுத்துவிட்டால், ஆட்கள் உயரத்தில் காத்திருக்க வேண்டியதில்லை.

இதற்கு எதிரான வாதமும் வலுவானது. ஒலி கேட்டதும் ஒவ்வொரு முறையும் தாக்குதலைக் கைவிட்டால், எதிரி ஏவுகணையே ஏவாமல் ரேடாரை மட்டும் போட்டுக் காட்டி வேலையைக் கெடுத்துவிடுவான். 1999இல் செர்பியாவின் மீது நேட்டோ 78 நாள் நடத்திய போரில் இது பெரிய அளவில் நடந்தது. செர்பியர்கள் நூற்றுக்கணக்கான ஏவுகணைகளை ஏவி வீழ்த்திய ஆளுள்ள போர் விமானங்கள் இரண்டுதான். ஆனால் அந்த ரேடார்கள் அவ்வப்போது இயங்கி அணைந்ததாலேயே நேட்டோ விமானங்கள் உயரத்திலேயே இருக்க நேர்ந்தது. ஒவ்வொரு தாக்குதல் அணியோடும் ஜாமர் விமானங்களையும் ரேடாரைத் தேடி அடிக்கும் விமானங்களையும் சேர்த்து அனுப்ப வேண்டியதாயிற்று.

எனவே கெடு எல்லா நாளுக்கும் ஒன்றாக இருக்க முடியாது. ஒரு வண்டிக்காக ஒரு விமானத்தையும் இரண்டு உயிரையும் பணயம் வைக்கலாமா என்பதைத் தளபதிதான் கிளம்பும் முன் சொல்ல வேண்டும். வைக்கலாம் என்றால், இரண்டாம் அலையில் போன ஆயுதங்களை முதல் அலையிலேயே அனுப்பி, வண்டிக்கு முன் பேட்டரிகளை அடிக்க வேண்டும். வைக்கக் கூடாது என்றால், திரையில் முதல் குறிவைப்பு தெரிந்ததும் அணி திரும்ப வேண்டும், வண்டி தப்பிப் போனாலும் பரவாயில்லை என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். பிப்ரவரி 10 காலையில் இரண்டில் எது என்பதை ஏவுகணை வந்துகொண்டிருந்த நேரத்தில் அந்த இருவரே தீர்மானிக்க வேண்டியிருந்தது.